காவன்னா மூனாவின் வண்டிக்கு ஒரு ஸ்டாண்ட் போல்ட்

கவிழ்ந்தது ஒரு சஹன் சோறு. அதோடு கவிழ இருந்தது ஒரு குடும்பத்தின் மானம்.

தெல்தெனியவில் பளீல் முதலாளியின் வீட்டு முற்றத்தில் மவ்லூது விருந்து. பந்தலின் கீழ் பாய் விரித்து, சஹன் என்ற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிக் கைவைக்கப் போகும் நேரம். பந்தல் ஓரத்தில் நின்ற மோட்டார் சைக்கிளிலிருந்து இரும்பு முறிகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி அது சரிந்து, நெய்ச்சோறு குவிந்த சஹன் ஒன்றின் மேலேயே விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழும்பி ஓடினார்கள். ஆளுக்குக் காயமில்லை. ஆனால் மவ்லூது ஓதிய பரக்கத்தான சோறு மண்ணில் கிடந்தது.

அந்த வண்டி, திகன முஹைதீன் ஹாஜியார் தம் மகள் றமீஸாவின் கலியாணத்தில் மருமகன் அஸீமுக்குக் கொடுத்தது. அஸீமின் வாப்பாதான் பளீல் முதலாளி. அவர் சோற்றையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"ஹாஜியார் மருமகனுக்குக் குதிரை குடுத்தாரு. கால் குடுக்கத்தான் மறந்துட்டாரு."

பந்தல் முழுக்கச் சிரித்தது. மவ்லூது ஓத வந்த லெப்பைகூடத் தாடிக்குள் சிரித்தார்.

முஹைதீன் ஹாஜியார் எழுந்தார். கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டார். துருக்கித் தொப்பியை நேராக்கினார். "நல்லாக் கேளுங்க சம்பந்தி. இந்த வண்டி ஒருத்தன்ட கையும் படாம நிமிந்து நிக்கிற நாள்லதான் நான் இனி ஒங்கட வாசல்ல கால் வெப்பன். அல்லா மேல ஆணை."

சொன்ன பிறகுதான் அறைக் கதவின் திரைக்குப் பின்னால் நின்ற றமீஸா கண்ணில் பட்டாள். ஒரு கையால் திரையைப் பிடித்திருந்தாள். மறு கை வயிற்றின் மேல் இருந்தது. தலைப்பிள்ளை. வருகிற மாதம் அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். தகப்பன் நேரில் போய்க் கேட்டுத்தான் மகளை அழைக்க வேண்டும் என்பது இரு குடும்பத்துக்கும் உள்ள வழக்கம். வேறு ஆளை அனுப்பினால் பெண்ணுக்கு நாதியில்லை என்று ஊர் பேசும். ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் ஹாஜியாரின் காவன்னா மூனா குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது.

மோட்டார் சைக்கிளை மாட்டு வண்டியில் ஏற்றித் திகனைக்குக் கொண்டுவந்தார்கள். அஸீமும் கூட வந்தான்.

கோளாறு பெரிதல்ல. பின்சக்கரத்தின் இருபுறமும் இரண்டு இரும்புக் கால்கள். அவற்றைக் கீழே இறக்கி வண்டியைப் பின்னுக்கு இழுத்தால், பின்சக்கரம் நிலத்தைவிட்டு எழும்பி, வண்டி அந்தக் கால்களில் நிற்கும். அதுதான் ஸ்டாண்ட். அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள் எப்போதோ தேய்ந்துபோக, அஸீம் ஒரு கொல்லனிடம் வேறு அடித்து வாங்கிப் போட்டிருக்கிறான். அந்தக் கொல்லன் போல்ட்தான் விருந்தில் முறிந்தது.

"கொம்பனி போல்ட் போட்டா நிக்கும் மாமா" என்றான் அஸீம்.

"அத அன்டைக்கே போடறதுக்கு என்ன நோவு ஒனக்கு?" என்று சீறினார் ஹாஜியார்.

கண்டிக்குப் போனார். திருகோணமலை வீதியில் ஒரு கடையில், எஞ்சினில் வார்த்திருந்த 'பிரைஸ்' என்ற பெயரைச் சொல்லிக் கேட்டார். எண்ணெய்க் கடதாசியில் சுற்றித் தந்தார்கள். திகனைக்கு வந்து பார்த்தால், போல்ட் துளைக்குள் நுழையவே இல்லை. மறுபடி போனார். மாற்றித் தந்தார்கள். இந்த முறை நுழைந்தது. ஆனால் கிழட்டுப் பல் போலக் கடகடவென்று ஆடியது. மூன்றாம் தடவை அந்தக் கடைக்காரன் அவரைக் கண்டதும் உள்ளே போய்விட்டான்.

கொழும்பு வீதியில் சண்முகநாதன் என்ற யாழ்ப்பாணத்தான் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தான். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தான்.

"என்ன மேக், ஹாஜியார்?"

"பிரைஸ்."

"அது எஞ்சின்காரன்ர பேர். அவன் எஞ்சின் மட்டும்தான் செய்யிறவன். அதை வாங்கிப் பூட்டி வண்டி செய்யிறவங்கள் கனபேர். ஸ்டாண்ட் வண்டிக்காரன்ர. வண்டி ஆர் செய்தது? டாங்கியில எழுதியிருக்குமே."

ஹாஜியாரின் காது சிவந்தது. "டாங்கில எங்கட 'கா. மு.' விலாசம் எழுதீக்கி."

"உங்கட விலாசமோ!" சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றினான். "அப்ப நீங்கள்தானே செய்த கொம்பனி. போல்ட்டும் உங்களிட்டத்தான் இருக்கோணும்."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஹாஜியார் குடையால் நிலத்தை ஒரு குத்துக் குத்திவிட்டு வெளியேறினார்.

அவர் வாப்பா காசிம், தாவளம் ஓட்டியவர். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி, பாதையில்லாத காலத்திலேயே மலைக்குள் போய் வியாபாரம் செய்தவர். ஒவ்வொரு மாட்டின் தொடையிலும் 'கா. மு.' என்று சூடு போட்டிருக்கும். அதுதான் ஊர் வாயில் காவன்னா மூனா. அந்த எழுத்தைக் கண்டால் வழிப்பறிக்காரனும் விலகி நிற்பான். தோட்டத்துத் துரையொருவன் கப்பலேற முன் விற்ற வண்டியை வாங்கியபோது, ஹாஜியார் முதலில் செய்த காரியம் அதற்கும் அந்த எழுத்தைப் போட்டதுதான். டாங்கிக்குப் பச்சை அடித்து, பொன் மையில் பிறை வைத்து, 'கா. மு.' என்று எழுதுவித்தார். பச்சைக்குக் கீழே இருந்த இங்கிலீசு எழுத்து என்னவென்று அவர் பார்க்கவில்லை. பெயின்ட் அடித்தவனைக் கேட்டால், "மறைக்கச் சொன்னீங்க, மறைச்சேன். வாசிக்க எனக்குத் தெரியுமா முதலாளி" என்றான். விற்ற துரை இப்போது எந்தச் சீமையிலோ!

வீட்டுக்கு வந்ததும் மனைவி உம்மு குல்சும் கேட்டாள், "கெடச்சா?"

"டாங்கிய சுரண்டணுமாம்."

"சுரண்டுங்களே."

"வாப்பாட எழுத்து அது! எதச் சுரண்டச் செல்லுறாய்?"

உம்மு குல்சும் சுளகைக் கீழே வைத்தாள். அவள் குரலை உயர்த்துகிறவள் அல்ல, அன்றும் உயர்த்தவில்லை. "அப்ப எழுத்து இங்க ஈக்கட்டும். புள்ள அங்க ஈக்கட்டும். நோவு வந்தா பளீல் முதலாளிட பொஞ்சாதி கைய புடிச்சிக்கொண்டு பெறுவாள். குதிரைக்குக் கால் இல்ல எண்டுதானே சிரிச்சாங்க? இனி புள்ளக்கி வாப்பாவும் இல்ல எண்டு சிரிப்பாங்க."

"வாய மூடு!"

அவள் மூடிக்கொண்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்தவர் பாக்கு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். அஸீம் எண்ணெய்த் துணியோடு முன்னே வந்தான். "நான் செய்றேன் மாமா."

"தள்ளி நில்லு. வேற ஒருத்தன்ட கை அந்த எழுத்துல படக்கூடாது."

பச்சைத் தோல் சுருள் சுருளாக உரிந்தது. பிறையின் ஒரு நுனி போனது. 'கா' போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, துரையைத் திட்டினார், கொல்லனைத் திட்டினார், சண்முகநாதனின் மூக்குக் கண்ணாடியைத் திட்டினார். தம்மை மட்டும் திட்டவில்லை; அதற்கு இன்னும் காலம் வரவில்லை. 'மு' பாதி போனபோது சிவப்பு விளிம்பு வைத்த எழுத்துகள் வெளியே வந்தன. அஸீம் எட்டிப் பார்த்து வாசித்தான்: "ஹார்ட்வெல்."

மறுநாள் அந்தப் பெயரைக் கேட்டதும் சண்முகநாதன் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினான். கழுத்துத் தடித்த இரண்டு போல்ட், இரண்டு புஷ், ஒரு ஸ்பிரிங். "உதுதான்" என்றான். "பேர் எப்பிடிக் கிடைச்சது?"

"சாமானக் கட்டு" என்றார் ஹாஜியார்.

போல்ட், துளைக்குள் அளவெடுத்துத் தைத்தது போல இறங்கியது.

அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, பளீல் முதலாளியின் வாசலில் மோட்டார் சைக்கிளை ஏற்றிய மாட்டு வண்டி நின்றது. பள்ளியிலிருந்து வந்த ஆட்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். ஹாஜியார் அஸீமை இறங்கவிடவில்லை. தாமே மோட்டார் சைக்கிளைப் பலகை வைத்து இறக்கி, முற்றம் வரை உருட்டிக்கொண்டு போனார். கோட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியது. போன தடவை சோறு சிந்திய அதே இடத்தில் ஸ்டாண்டைக் காலால் இறக்கி, வண்டியைப் பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்தார். பின்சக்கரம் நிலத்தைவிட்டு எழும்பியது. கையை எடுத்தார். இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

வண்டி நின்றது.

"தள்ளிப் பாருங்க சம்பந்தி."

பளீல் முதலாளி இருக்கையைப் பிடித்து அசைத்தார். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினார். அது அசையவில்லை. பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றியது. தோற்ற முகத்தோடு அவர் டாங்கியைப் பார்த்தார். அங்கே அவருக்கு ஒரு வழி தெரிந்தது.

"வண்டி நிக்கிதுதான். ஒங்கட பேரெங்க, ஹாஜியார்? சுரண்டி வெச்சீக்கி?"

தெருவில் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். ஹாஜியார் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

"என்ட பேரு உள்ளுக்கு ஈக்கி" என்றார். "தலைப்புள்ளக்கி கூட்டிக்கொண்டு போக வந்தீக்கிறன். கூப்பிடுங்க."

பளீல் முதலாளி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். திரை விலகியது. றமீஸா தலையில் முந்தானையை இழுத்துவிட்டபடி, மூச்சு வாங்க, படியிறங்கி வந்தாள்.

கதிரை கொண்டுவந்து போட்டார்கள். பிளேன்டீ வந்தது. ஹாஜியார் கோப்பையை வாங்கினார், சம்பந்தி மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். உட்காரவில்லை.