வெட்டாத துணி

மாடியில் விற்பனை, கீழே தையல், நடுவில் ஒரு குறுகலான படிக்கட்டு. விற்பனையைக் கவனிக்கும் அண்ணி அந்தப் படிக்கட்டில் இறங்குவதை நிறுத்தியபின் அந்தத் திரைச்சீலைக் கம்பெனியின் பேச்சுவார்த்தை முழுவதும் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது.

முறைப்படி அவளை அண்ணி என்று அழைக்க வேண்டியவர் கணவரின் தம்பி மட்டும்தான். கீழ்த்தளத்தில் துணி வெட்டும் மாஸ்டர் அவரே. தையற்காரர்களும் அப்படியே அழைத்துப் பழகியிருந்தார்கள். புதிய விடுதி ஒன்றுக்கு, கீழே ஒரு வார்த்தை கேட்காமல், அடுத்த வாரமே திரைச்சீலைகள் தருவதாக அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கத் தம்பி எழுதினார்: "வாய் மாடியில இருக்கு, கை கீழ இருக்கு." அவளும் விடவில்லை: "கைக்கு வேலை தேடித் தர்றதே அந்த வாய்தான்." முதலாளியான கணவர் இரண்டு செய்திக்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நழுவிக்கொண்டார்.

அன்றோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது; அவள் கீழே இறங்குவதும் நின்றது.

இன்று காலை விடுதிக்காரர் மனம் மாறி, நீலம் வேண்டாம், சாம்பல் நிறம்தான் வேண்டும் என்றார். அண்ணி அதைக் குழுவில் எழுதிவிட்டுத் தன் கடமை முடிந்ததாக இருந்தாள். தம்பி கோபத்தில் குழுவைவிட்டே வெளியேறியிருந்ததைப் பிற்பகலில்தான் கவனித்தாள். வேலை நேரத்தில் கீழே மாஸ்டரைத் தவிர வேறு யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை. அந்த நீலத் துணி இந்த வேலைக்கென்றே ஆலையில் சொல்லி வரவழைத்தது. வெட்டாதவரை திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கத்தரி பட்டுவிட்டால் அத்தனையும் கம்பெனியின் தலையில்.

செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினாள்.

நீண்ட மேசையில் நீலத் துணி அடுக்கடுக்காக விரிந்துகிடந்தது. ஓரங்களில் இரும்பு எடைகள். கத்தரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளா நாங்களும் துணியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கோம், அண்ணி," என்றார் காஜா என்று பட்டப்பெயர் பெற்ற மூத்த தையற்காரர். "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இந்நேரம் பதில் சொல்லியிருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆர்டர் பிடித்தவர் வந்து விரித்த துணிமேல் உள்ளங்கையை வைத்து "வெட்டுங்க" என்று சொல்லாமல் அங்கே கத்தரி எடுப்பதில்லை. கோபத்தில் அவள் மறந்திருந்த வழக்கம் அது. கோபத்திலும் அவர் மறக்கவில்லை.

"ஏன் தம்பி வெட்டல?" என்றாள்.

"நீங்க வந்து கை வைக்காம நான் என்னைக்கு வெட்டியிருக்கேன்?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கோவம் உங்க மேல. துணி மேல இல்ல."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் தன்னைத் தடுக்கும் கையாக நினைத்திருந்தது, தன் வருகைக்காகக் காத்திருந்த கை. நிறம் மாறிய கதையைச் சொன்னாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து நீளமாக மூச்சுவிட்டார்.

"சாம்பல் துணி வந்து, தைச்சு முடிக்க எத்தனை நாள் வேணும்? நீங்க சொல்லுங்க," என்றாள் அண்ணி.

அவர் யோசித்துச் சொன்ன தேதியையே, அங்கே நின்றபடி, எல்லோரும் கேட்க விடுதிக்காரரிடம் கைப்பேசியில் சொன்னாள். நிறத்தை மாற்றியவர் அவராயிற்றே. கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்.

பிறகு இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நீலத் துணியைச் சுருட்டினார்கள்.

"காப்பாத்திட்டீங்க தம்பி."

"இத குழுவுல போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"நீங்கதான் குழுவுலயே இல்லையே."

தம்பி துணியை இறுக்கிப் பிடித்தபடி சிரித்துவிட்டார். "அப்ப மொதல்ல என்னைச் சேருங்க. ஆனா நிறம் மாறினா மட்டும் இறங்கி வந்து சொல்லுங்க."