வெள்ளரிக்குள் விதை

பசுமைக்குடிலின் முதல் வரிசையைப் பார்த்ததும் தோட்டக்காரிக்குத் தலை சுற்றியது. நேராக, ஒரே பருமனில் தொங்க வேண்டிய வெள்ளரிகள் எலியை விழுங்கிய பாம்பு மாதிரி நுனியில் புடைத்திருந்தன. ஒன்றைப் பறித்து நறுக்கினாள். உள்ளே விதை. இந்த ரகத்தில் விதையே இருக்கக் கூடாது. விதையில்லாத காய் கேட்ட சாலட் கடைக்காரர் இன்னும் சற்று நேரத்தில் வருகிறார். பிடித்துவிட்டால் வாராவாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இந்தக் குடிலே அந்த ஒரு வார்த்தையை நம்பி எழுப்பியதுதான்.

குடிலைச் சுற்றிய வலையில் ஓட்டை இல்லை. மகரந்தத்தோடு தேனீ நுழைய வழியில்லை. தேடிக்கொண்டே போனவள், கதவருகில் நாத்தனாரைப் பார்த்தாள். கணவனின் தங்கை, இப்போது இவர்களோடுதான் இருக்கிறாள். அவள் மடியில் பக்கத்துத் தோட்டத்து நாட்டு வெள்ளரியின் ஆண் பூக்கள். கையில் கண்ணுக்கு மை தீட்டும் தூரிகை, முனையெல்லாம் மஞ்சள்.

"என்னடி இது?"

"மகரந்தம் அண்ணி. பத்து நாளா ஒவ்வொரு பூவாத் தொட்டு வச்சேன். முதுகு போயிடுச்சு, ஒரு வரிசைதான் முடிஞ்சுது."

"யாருடி உன்னைத் தொடச் சொன்னது? வலை எதுக்குப் போட்டிருக்கேன், அழகு பார்க்கவா? கொஞ்சமாவது கேட்டியா?"

"கேட்டா விடமாட்டீங்க."

"விடமாட்டேன்தான்!"

நாத்தனார் விதைப் பையை எடுத்து நீட்டினாள். "இதுல 'கருவுறாக் கனி'ன்னு போட்டிருக்கு. மாமியார் வீட்டுல என்னைச் சொன்ன அதே பேச்சு. பாவம், இதுங்களுக்காவது ஆகட்டுமேன்னுதான்..."

தோட்டக்காரி கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் போகவில்லை, ஆனாலும் பையைக் கையில் வாங்கினாள்.

"ஐயோ, அது குறையைச் சொல்ற பேர் இல்லடி. பூவுக்கு அடியில பிஞ்சு மாதிரி இருக்கே, அதுதான் சூலகம். மத்த செடியில மகரந்தம் வந்து சேர்ந்து, உள்ள கரு உண்டானாத்தான் அது பருக்கும். இதுல எதுவும் வர வேண்டாம். அதுவா பருத்துக் காயாகும். அதனாலதான் விதை இல்ல. தினம் வாழைப்பழம் திங்குறியே, அதுவும் கருவுறாக் கனிதான். பாவம்னு என்னைக்காவது அழுதியா?"

"அப்ப அதை நல்ல விதமா எழுத வேண்டியதுதானே?"

"நானாடி எழுதினேன்? பை அடிச்சவன்கிட்டப் போய்ச் சண்டை போடு!"

வெளியே வண்டிச் சத்தம். நாத்தனார் தூரிகையைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

கடைக்காரர் முதல் வரிசையிலேயே நின்றுவிட்டார். "என்னம்மா, வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது?"

"இந்த வரிசை உங்களுக்கு இல்லைங்க. இதுல விதை இருக்கு. உள்ள வாங்க."

கடைசி வரிசையில் ஒரு காயைப் பறித்து அவர் முன்னாலேயே நறுக்கினாள். விதை இல்லை. அவர் இரண்டு துண்டு தின்றார், மூன்றாவதும் கேட்டார்.

"சரி, எடுத்துக்கறேன். ஆனா முன்னாடி மட்டும் ஏன் அப்படி ஆச்சு?"

தோட்டக்காரி கதவுப் பக்கம் பார்த்தாள். நாத்தனார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு வண்டு பூந்துடுச்சுங்க. இனிமே வராது."

வண்டி தெருமுனை திரும்பியது.

"நான் வண்டா அண்ணி?"

"ஆமா. கொண்டையில தூரிகை வச்ச வண்டு. கூடையை எடு. நீ காய்க்க வச்சதை நீயே பறி. கதவைச் சாத்திட்டு வா!"