பதினொன்றாம் எண் பூட்ஸ்

காலணிக் கடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே காலைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. எங்கள் பாஸ்டர் லோரன் ஹாகன் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றபோதும் நான் முதலில் பார்த்தது அவருடைய கறுப்புக் காலணிகளைத்தான். வலது காலணியின் அடிப்பாகம் குறுக்கே வெடித்திருந்தது. ஜனவரி மாதம்; நடைபாதை முழுக்க உப்பும் பனிக்கூழும். அவரோ அதைக் கவனிக்காமல், கண்ணாடிக்குள் இருந்த பழைய பாணித் தோல் பூட்ஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை.

நான் கதவைத் திறந்தேன். "உள்ள வாங்க பாஸ்டர், குளிருதில்ல?"

"இல்ல ஆர்டிஸ், சும்மாதான் பாத்தேன். அழகா செஞ்சிருக்காங்க, இல்ல?"

"ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"ஐயோ, எனக்கு எதுக்கு? அதெல்லாம் உழைக்கிறவங்க போடறது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மேட்டு வீட்டு ஹெல்கா உட்பட, படுக்கையில் கிடப்பவர்களும் வீட்டை விட்டு இறங்க முடியாதவர்களுமாகப் பதினான்கு பேரை வாரம் தவறாமல் நடந்தே போய்ப் பார்த்து வருகிற மனிதர் சொன்ன வார்த்தை அது.

பிப்ரவரி முதல் ஞாயிறோடு அவர் எங்கள் சபைக்கு வந்து பத்து வருடம் நிறைகிறது. சபைக் குழுவில் பூட்ஸ் விஷயத்தைச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் எல்லோரும் சரி என்றார்கள். பலிபீடத்துக்கு முன்னால் என்ன நிறத்தில் கம்பளம் விரிப்பது என்று இரண்டு வருடம் பேசிய சபை இது. பரிசைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமும், பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற வெர்ன் டுஃப்டேயிடமும் கொடுத்தார்கள். வெர்னும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் என்னைக் கிண்டல் செய்யாத நாள் இருந்திருந்தால் அன்று அவனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும்.

கடையை மூடிய பிறகு மேசைமேல் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தேன். வெர்ன் முதலில் தொட்டது முழங்காலுக்குப் பாதி வரை வரும் கறுப்பு பூட்ஸை. காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் போடுவது, குதி இரண்டு அங்குல உயரம்.

"இதுதான் ஆம்பளை பூட்ஸ்" என்றான்.

"அவர் மரமா வெட்டப் போறாரு?"

"பாவத்தை வெட்டறாரே, அது போதாதா?"

"அடப் போடா. ஹெல்காவோட படுக்கை ஓரமா இதைப் போட்டுக்கிட்டு நின்னார்னா அந்த அம்மா பயந்தே போயிடும்."

இரண்டாவது, வெள்ளை நிறத்தில் தட்டையான மெத்தென்ற அடிப்பாகம் கொண்டது. நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் நிற்கிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் பனிக்கட்டிமேல் வழுக்கும். மூன்றாவது, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பழுப்பு பூட்ஸ். நூறு வருடத்துக்கு முன் சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் வேலை செய்தவர்கள் போட்ட அதே வடிவம். விரல்மேல் குறுக்கே ஒரு தையல், அவ்வளவுதான் அலங்காரம். அடிப்பாகத்தை ஒட்டாமல் நூலால் தைத்திருந்தார்கள். தேய்ந்தால் பிரித்து வேறு போட்டுக்கொள்ளலாம். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள் அடியில் இருந்தன. வழுக்காது, சேற்றையும் சுமந்து வராது.

வெர்ன் அதை எடுத்து இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தான். "இது கல்யாணத்துக்கும் ஆகும், கல்லறைக்கும் ஆகும். என் மாட்டுக் கொட்டகைக்கு வந்தாலும் கெட்டுப்போகாது."

"தினமும் போடறதுன்னா இதுதான்" என்றேன். அதில் இரண்டு பேருக்கும் சண்டையே வரவில்லை.

மிஞ்சியது அளவு மட்டும். கேட்டால் ரகசியம் போய்விடும். அந்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எல்லோரும் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தபோது நான் வாசலுக்கு நழுவினேன். அங்கே ரப்பர் தட்டின்மேல் சபையின் பனி பூட்ஸ்கள் எல்லாம் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. பாஸ்டர் கடும் பனி நாளில் மட்டும் போடுகிற ஜோடியைத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்று.

இங்கேதான் என் தப்பு. பனி பூட்ஸை எங்கள் ஊரில் யாரும் சரியான அளவில் வாங்குவதில்லை. உள்ளே கம்பளி வேண்டும், அதற்குள் இரண்டு காலுறை வேண்டும் என்று ஒரு எண்ணாவது கூட்டித்தான் வாங்குவோம். பழைய பாணி வேலை பூட்ஸ்களோ எண்ணைவிடப் பெரிதாகவே வரும். அரை எண் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "வேற செருப்புல இருக்கிற நம்பரை நம்பாதீங்க, உக்காருங்க, அளந்துடலாம்" என்று சொல்லுகிறவள் நான். அன்று ரகசியத்தின் சந்தோஷத்தில் அது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறன்று பெட்டியைத் திறந்தபோது பாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. அங்கேயே போட்டுக்கொண்டார். நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

"எப்படி இருக்கு பாஸ்டர்?" என்று வெர்ன் கத்தினான்.

"மோசமில்ல" என்றார் பாஸ்டர்.

எங்கள் ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. புகாரும் அதற்குமேல் கிடையாது. பரிசைக் குறை சொல்வது இங்கே ஜெபத்தின் நடுவே சத்தமாகத் தும்முவதைவிடக் கூச்சமான காரியம்.

அடுத்த ஞாயிறே எனக்குக் காதில் விழுந்துவிட்டது. அவர் கோயிலின் நடுப்பாதையில் நடந்து போகும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னச் சத்தம், டப் என்று. குதிகால் பூட்ஸுக்குள் தூக்கித் தூக்கி விழுகிற சத்தம். புது பூட்ஸ் பழக நாளாகும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அது பொய். புது பூட்ஸ் இறுக்கமாக இருந்து இளகும். தொளதொளவென்று இருப்பது ஒருநாளும் இறுகாது. அது எனக்குத் தெரியும்.

மூன்றாம் வாரம் கேட்டேன். "பாஸ்டர், பூட்ஸ் சரியா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு ஆர்டிஸ். தினமும் இதைத்தான் போடறேன்."

அவர் அப்படிச் சொன்ன பிறகு அளவு தப்பு என்று நான் சொன்னால், அவரைப் பொய்யராக்கியது போல ஆகிவிடும். அப்படித்தான் நினைத்தேன். உள்ளே இன்னொன்றும் இருந்தது. முப்பத்தொரு வருடம் கால் அளந்தவள் பாஸ்டருக்கே தப்பாக எடுத்துவிட்டாள் என்று ஊர் பேசுமே என்ற பயம். அந்த இரண்டில் எது பெரியது என்று நான் அப்போது நேர்மையாகப் பார்க்கவில்லை.

மார்ச்சில் அவர் ஹெல்கா வீட்டு மேட்டுக்கு நடந்து போவதை நிறுத்தி, காரில் போக ஆரம்பித்தார். பாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. காபி வேளையில் எல்லோரும் இனிப்புத் துண்டங்களை எடுக்கும்போது அவர் வெறும் காபியோடு நிற்பது எல்லோருக்கும் பழகிய காட்சி. வெர்னின் அண்ணன் ராஜருக்கும் அதே வியாதி. புதுச் செருப்பு கடித்த ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்து, கணுக்காலுக்குக் கீழே காலையே வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

பெரிய வியாழன் வந்தது, இயேசு தம் பன்னிரண்டு சீடர்களின் கால்களைக் கழுவிய நாள். இருட்டில் கார் ஓட்ட முடியாத வயதானவர்கள் நிறைய என்பதால் எங்கள் சபையில் அன்று ஆராதனை மத்தியானம். பன்னிரண்டு நாற்காலிகளில் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். பாஸ்டர் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்கால் போட்டுக் கால் கழுவுவார். இந்த வருடம் வெந்நீர்க் குடுவையை ஏந்துகிற முறை எனக்கு.

அவர் முதல் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். நான் பின்னால் நின்றிருந்தேன். மண்டியிடும்போது பூட்ஸின் பின்பக்கம் வாயைத் திறந்தது. உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று காலுறைகள். மேலே இருந்த சாம்பல் நிறக் காலுறையில், வலது குதிகாலுக்குப் பின்னால், காய்ந்த பழுப்புக் கறை.

பன்னிரண்டு முறை அவர் எழுந்தார், பன்னிரண்டு முறை மண்டியிட்டார். ஒவ்வொரு முறையும் அந்தக் கறையைப் பார்த்தேன். குடுவையைச் சிந்தாமல் பிடித்திருந்தது நானல்ல, கர்த்தர்தான்.

பெரிய வியாழன் ஆராதனை முடிந்தால் யாரும் பேசக்கூடாது. பலிபீடத் துணிகளை எடுத்துவிட்டு, எல்லோரும் மௌனமாகக் கலைந்து போவது வழக்கம். கடைசி ஆளும் போகும்வரை காத்திருந்தேன். பாஸ்டர் பாத்திரத்தை எடுக்கக் குனிந்தார்.

"உக்காருங்க பாஸ்டர்" என்றேன். அந்த மௌனத்தில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"எதுக்கு?"

"பூட்ஸைக் கழட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நான் மண்டியிட்டு லேஸை அவிழ்த்தேன். மூன்றாவது காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. வெந்நீரை ஊற்றி ஊறவைத்து மெல்ல உரித்தேன். இருபத்தைந்து சென்ட் நாணயம் அளவுக்கு ஒரு புண். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் ஆழமாக இருந்தது.

"வலிக்கலையா?"

"அதான் பயமா இருக்கு. போன வாரத்திலிருந்து வலிக்கவே இல்ல."

"ஏன் பாஸ்டர் சொல்லல?"

"நாப்பது பேரு ஆசையா வாங்கிக் குடுத்தது. அதைப் போய் எப்படிம்மா தொளதொளன்னு இருக்குன்னு சொல்றது?"

"தொளதொளன்னு இருக்கிறது எனக்குத் தெரியும்" என்றேன். "ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே சத்தம் கேட்டுது. பதினொண்ணுன்னு எடுத்தது நான்தான். உங்க பனி பூட்ஸைத் திருட்டுத்தனமா திருப்பிப் பாத்தேன். என் தப்பை மறைக்கணும்னு சும்மா இருந்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

அவர் என் தலைக்கு மேலே, துணி எடுத்த பலிபீடத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரும் மரியாதைக்குப் பயந்து என் காலைப் பறிகொடுக்கப் பாத்தோம்" என்றார். "நீங்க என்னை மன்னிச்சாதான் நானும் மன்னிப்பேன். சரியா?"

அப்போது கதவு திறந்தது. தொப்பியை மறந்து வைத்துவிட்டு அதை எடுக்க வந்திருந்தான் வெர்ன்.

"பதிமூணாவது ஆளா? எனக்குச் சொல்லவே..." என்று ஆரம்பித்தவன் கிட்டே வந்து காலைப் பார்த்தான். அறுபது வருடத்தில் முதல் முறையாக வெர்ன் ஒரு கிண்டலைப் பாதியில் விழுங்கியதைக் கண்டேன். தொப்பியைப் போட்டுக்கொண்டான். "வண்டி வாசல்ல நிக்குது. ஆஸ்பத்திரி அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். எந்திரிங்க பாஸ்டர்."

"நாளைக்குப் பெரிய வெள்ளி, ஆராதனைக்குத் தயார் பண்ணணுமே வெர்ன்..."

"ராஜரும் இப்படித்தான் நாளைக்கு நாளைக்குன்னான்."

பாஸ்டர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். வெர்ன் அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிப்போனான். நான் அந்த பூட்ஸை ஒரு கையிலும் குடுவையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும் என்றார் டாக்டர். ஈஸ்டர் அன்று பாஸ்டர் ஒரு காலில் கட்டும், இன்னொரு காலில் துணிச் செருப்புமாக நின்று பிரசங்கம் செய்தார். யாரும் என்ன ஆயிற்று என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை விடிவதற்குள் அவர் வாசற்படியில் ஆறு பாத்திரங்களில் சூடான சாப்பாடு வந்து உட்கார்ந்திருந்தது. ஹெல்கா, எழுந்து நடக்க முடியாத அந்த ஹெல்கா, தன் கையால் பின்னிய மெல்லிய காலுறை ஒரு ஜோடியை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள்.

பதினொன்றாம் எண்ணை வெர்ன் எடுத்துக்கொண்டான். அவனுக்கு அது அளவெடுத்தது போலப் பொருந்தியது. புது ஜோடியின் விலையை என் மேசையில் வைத்துவிட்டு, "பேசாதே" என்றான்.

புண் ஆறி, டாக்டர் சரி என்று சொன்னபோது ஜூன் வந்துவிட்டது. பாஸ்டரைச் சாயங்காலமாக வரச் சொன்னேன். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் அளவெடுக்க வேண்டும். ஹெல்காவின் காலுறையைப் போட வைத்து, இரண்டு கால்களையும் தனித்தனியாக, நிற்க வைத்தே அளந்தேன். விரல் நுனி வரைக்கும் அளந்தால் போதாது. குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை எவ்வளவு என்பதுதான் பூட்ஸைத் தீர்மானிக்கிறது. ஒன்பதரை வந்தது.

அதே பழுப்பு நிறம், அதே குறுக்குத் தையல். நானே லேஸ் கட்டினேன். அவர் கடையின் நீளத்துக்கு நடந்தார், திரும்பினார், போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருக்கும் மரச் சரிவில் ஏறி இறங்கினார். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். டப் சத்தம் இல்லை.

ஓரத்து நாற்காலியில் பதினொன்றாம் எண்ணை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்த வெர்ன் கேட்டான். "எப்படி இருக்கு பாஸ்டர்?"

"மோசமில்..." என்று தொடங்கிய பாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இன்னொரு முறை நடந்து பார்த்தார். காது வரைக்கும் சிவந்துபோனார்.

"இடது சுண்டுவிரல்கிட்ட அழுத்துது ஆர்டிஸ்" என்றார். "அப்புறம்... இந்த மஞ்சள் லேஸ் எனக்குப் பிடிக்கல."

வெர்ன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போச்சுடா!" என்றான் வெர்ன். "பாஸ்டருக்குக் குறை சொல்ல வந்துடுச்சு. இனி நம்ம கோயில் காபியைப் பத்தியும் உண்மையைச் சொல்லிடுவாரு."

"அதுவும் சொல்லணும்னுதான் பத்து வருஷமா இருக்கேன்" என்றார் பாஸ்டர்.

நான் பின்னறைக்குப் போய், ஏணியில் ஏறி, அதே ஒன்பதரையில் அகலமான ஜோடியையும் பழுப்பு லேஸையும் எடுத்தேன். இறங்குவதற்கு முன், பெட்டியை மார்போடு பிடித்தபடி அங்கேயே நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.