இரண்டு இப்ராஹிம்கள்

'கட்டுரை அருமை. அந்த முத்துப்பேட்டைக் கதையை மட்டும் எடுத்துவிடுங்கள்' என்று துரைராசு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து தஹ்மீனா அதை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்கவில்லை. படித்தால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும்போல் இருந்தது.

தகவல் மேலாண்மைக்காரர்களின் சங்கம் ஒன்று சென்னையிலிருந்து மாதாமாதம் ஆங்கிலத்தில் எட்டுப் பக்க இதழ் போட்டுக்கொண்டிருந்தது. துரைராசு அதன் ஆசிரியர். டேட்டா வேர்ஹவுசிங் பற்றி தஹ்மீனா அதில் மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தாள். சல்லிக்காசு வராது. ஆனால் போன வருஷம், இரண்டாயிரத்து ஒன்றில், கம்பெனி ஆட்குறைப்பு செய்து அவளைச் சொந்த ஊரான முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏற்றிவிட்ட பிறகு, அவளும் ஒரு கம்ப்யூட்டர்காரிதான் என்பதற்கு மிச்சமிருந்த அத்தாட்சி அவைதாம். வேர்ஹவுஸ் என்றால் குடோன் என்று யாரோ சொன்னதை வைத்து, மகள் நெல் குடோனைப் பற்றி எழுதுகிறாள் என்று உம்மா ஹமீதா பானு பெண் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பெரிய பிழையும் இல்லை. பல இடத்து விவரங்களை ஒரே கிடங்கில் கொட்டி, பதர் நீக்கி, கேட்டபோது எடுத்துக் கொடுப்பதுதான் அந்த வேலை. எது பதர் என்று யார் சொல்வது என்பதில்தான் வம்பு.

தஹ்மீனாவின் வாப்பா அப்துல் ஜப்பாரும் பெரியவாப்பா அப்துல் காதரும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவர்கள். தலைப்பிள்ளைக்குத் தங்கள் வாப்பாவின் பெயரைத்தான் வைக்க வேண்டுமென்று இரண்டு பேருமே மகனுக்கு இப்ராஹிம் என்று வைத்தார்கள். பெரியவாப்பாவின் மகனைப் பெரிய இப்ராஹிம், தஹ்மீனாவின் அண்ணனைச் சின்ன இப்ராஹிம் என்று கூப்பிட்டால் தீர்ந்தது. இருவரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோது பிறந்த தேதி யாருக்கும் நினைவில்லை. தலைமையாசிரியர் இரண்டு பேருக்கும் ஒரே தேதியைப் போட்டுக்கொண்டார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அப்படிப் பிறந்தவர்கள்தான்.

பிறகு இருவரும் துபாயில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். முதுகுவலி தாளாமல் பெரியவன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து கண்ணாடிச் சாமான் கடை வைத்தான். அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனி புதுத் தரவுக் கிடங்கு அமைத்து, ஆட்களின் விவரங்களைச் சுத்தம் செய்தது. பெயர் ஒன்று, தேதி ஒன்று, வீடு ஒன்று. தகப்பன் பெயரில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டதால் அதுவும் அப்துல். பாஸ்போர்ட் எண் வேறாக இருந்ததற்கு, புதுப்பித்திருப்பார்கள் என்று மென்பொருளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டு ஆளை ஒரு ஆளாக்கிவிட்டது. அந்த ஒரு ஆள்தான் வேலையை விட்டுப் போய்விட்டாரே! மறுநாள் காலை சின்ன இப்ராஹிமின் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. விசாவும் ரத்து. நான் இங்கேதானே நிற்கிறேன் என்று அவன் வெயிலில் நின்று சொல்லிப் பார்த்தான். விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இதுதான் நான்காவது கட்டுரை. இரண்டைச் சேர்க்கும்போது மூலத்தை அழிக்காதே, சந்தேகம் வந்தால் மனுஷனைக் கேள் என்று முடித்திருந்தாள்.

எஸ்டிடி பூத்திலிருந்து துரைராசுவைக் கூப்பிட்டாள்.

"அத எடுத்துட்டா கட்டுரையே இல்லீங்க சார்."

"ஒரு அமெரிக்க சூப்பர்மார்க்கெட் உதாரணம் போடுங்கம்மா, போதும். நம்ம கடைசிப் பக்க விளம்பரம் யாருதுன்னு பாத்தீங்கல்ல? சுத்தம் பண்ற சாஃப்ட்வேர் விக்கிறவங்க. உங்க பயோடேட்டாவ அவங்ககிட்டதான் குடுத்து வச்சிருக்கேன். கூப்புடுற நேரத்துல இதப் போட்டா எப்புடி? அதுவும் தப்பு சாஃப்ட்வேர்ல இல்லம்மா. டேட்டாவே அழுக்கு. ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு ஒரே பேரு, ஒரே தேதின்னா அது என்ன செய்யும்?"

அழுக்கு என்பது தொழிலில் புழங்குகிற சொல்தான். அவளே இரண்டாவது கட்டுரையில் தாராளமாக எழுதியிருக்கிறாள். அண்ணனைச் சொன்னபோதுதான் சுருக்கென்றது.

"எங்க காக்கா அழுக்கில்ல சார். கேக்காம தொடச்சது அவங்க தப்பு."

"வேலை வேணுமா, கட்டுரை வேணுமான்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

வேலை வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சென்னைக்குத் திரும்பிப் போகிற ஆசையில் இன்னும் பெட்டியைக்கூட அவள் முழுதாகப் பிரிக்கவில்லை. கோபமும் ஆசையும் சரிக்குச் சரி நின்று மல்லுக்கட்ட, கண்ணாடிச் சாமான் கடைக்குப் போனாள். பெரியவன் கல்லாவில் இருந்தான். சின்ன இப்ராஹிம் தரையில் உட்கார்ந்து வைக்கோலிலிருந்து தம்ளர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சின்னவன், "வேலைக்குப் போ புள்ள. போன விசா என்ன திரும்பியா வரப்போவுது?" என்றான். இன்னொரு தம்ளரைத் துடைத்து வைத்தான். "அதுல எம் பேரு போட்டிருக்கியா?"

"இல்ல காக்கா. சங்கடப்படுவீங்கன்னு வேற பேரா மாத்திட்டேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அவனுவதான் அழிச்சானுவ. நீயுமா?"

அவளுக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. யோசிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. நேரே பிரவுசிங் சென்டருக்குத் திரும்பி, கட்டுரையில் இருந்த பொய்ப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் இப்ராஹிம், இப்ராஹிம் என்று அடித்தாள். 'ஒரு வரியும் எடுப்பதற்கில்லை. போட மனமில்லையென்றால் போடுகிற வேறு இதழைத் தேடிக்கொள்வேன். கூடவே போட இருவரின் படம் தபாலில் வருகிறது' என்று துரைராசுவுக்கு எழுதி அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே இருவரையும் கடைத்தெரு ஸ்டுடியோவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். போட்டோக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார்.

"பேரு?"

"இப்ராஹிம்" என்றான் பெரியவன்.

"தம்பி பேரு?"

"இப்ராஹிம்."

கிண்டல் செய்கிறார்களோ என்று அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பெரியவன் ஒல்லி, நெடுநெடுவென்று வளர்ந்து மோவாயில் தாடி. சின்னவன் குட்டை, முன்மண்டையில் வழுக்கை. இருவரும் நீலத் திரைக்கு முன்னால் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்றார் போட்டோக்காரர்.

"வேணாங்க. தள்ளி நிக்கட்டும்" என்றாள் தஹ்மீனா. "காக்கா, நீங்க அந்தப் பக்கம் போங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

விளக்கு பளிச்சென்று வெட்டியது. இரண்டு இப்ராஹிம்களும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் தாராளமாக நிற்கிற அகலத்துக்கு நீலத் திரை தெரிந்தது.