வாத்தின் பல்

பாடம் செய்த பறவைகளைப் பழுதுபார்த்து வந்த அந்தக் காட்சிக்கூட ஊழியரின் கைவேலையைக் குறை சொல்ல இதுவரை எவரும் வாய் திறந்ததில்லை. அந்தப் பெருமையோடுதான், பார்வையற்றோர் தொட்டுப் பார்ப்பதற்கான மேசையில் மீன்தின்னி வாத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதற்காக ஒரு வாரம் மெனக்கெட்டிருந்தார். கொண்டை இறகுகளைச் சீவி, முக்குளித்து நீந்த வசதியாக உடலின் பின்கோடியில் அமைந்த கால்களை நிமிர்த்தி, பூச்சி அரித்ததுபோல் சொரசொரத்த அலகை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷும் பூசியிருந்தார்.

"கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு!" என்று நிர்வாகி மெச்சினார்.

மேசையைச் சோதிக்க வந்த ஆசிரியைக்குப் பார்வை கிடையாது. வாத்தைப் பற்றிப் படித்து, அதற்கான பிரெய்ல் குறிப்பை அவரே எழுதியிருந்தார். அவருடைய விரல்கள் தலையிலிருந்து இறங்கின.

"கொண்டை நல்லா சிலும்பிக்கிட்டு நிக்குது. தூங்கி எழுந்த எங்க வீட்டுக்காரர் தலையேதான்!" என்று சிரித்தவர், அலகின் ஓரத்தில் தயங்கினார். "பல்லு எங்கங்க?"

"வாத்துக்கு ஏதுங்க பல்லு?" என்றார் நிர்வாகி.

"நிஜப் பல்லு இல்லீங்க. ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருக்கும். தண்ணிக்குள்ள வழுக்குற மீனைக் கவ்வுறதே அதாலதான்." மறுபடியும் தடவினார். "நேத்து அடுப்புல சுட்டுக்கிட்டேன். விரல் மரத்துப்போச்சு போல. மன்னிச்சுக்கங்க, நல்ல வேலையைக் குறை சொல்லிட்டேன்."

ஊழியர் குனிந்து அலகைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டால் தப்பிவிடலாம். ஆனால் அந்த அம்மையார் தம் விரலையே நம்பாமல் வீடு திரும்புவார்.

"உங்க விரல் சரியாத்தாம்மா இருக்கு. நான்தான் தேய்ச்சுட்டேன். பழுதுன்னு நெனச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

"நம்மகிட்ட இருந்ததே இது ஒண்ணுதானேய்யா!" என்று நிர்வாகி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆசிரியை அலகிலிருந்து கையை எடுத்தார். பிறகு பையிலிருந்து பிரெய்ல் பலகையையும் ஊசியையும் எடுத்தார்.

"அப்போ குறிப்பை மாத்திடறேன். 'இவ்வலகின் ரம்பப் பற்கள் பழுதெனத் தவறாக எண்ணித் தேய்க்கப்பட்டன.' சரிதானே? யாருன்னு போட வேண்டாம், விடுங்க."

"போடுங்கம்மா" என்றார் ஊழியர். ஆசிரியையால் பார்க்க இயலாது என்று தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு, தம் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்.