சுடலைமணி மாதிரி

சூப்பர்வைசர் சுடலைமணி ஓய்வு பெற்றதும், அவரைப் போலவே யோசித்துப் பேசுகிற ஒன்றைப் போனுக்குள் வைத்தார்கள் எஸ்டேட்காரர்கள். செய்தவன் ஜிபி, கோட்டயத்துக்காரன். பள்ளிவாசல் தேயிலை மலையில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சுடலைமணியின் பின்னாலேயே அலைந்தான். அவர் யாரிடம் குழைகிறார், யாரிடம் குரைக்கிறார் என்று பதிந்துகொண்டு போனான். ஆளைப் பார்த்து அதுவே பழகிக்கொள்ளும் என்று பீற்றினான். சுடலைமணியே இத்தனை காலம் பழகியது ஆள் பார்த்து வழிவதை மட்டும்தான் என்பது கொழுந்து கிள்ளும் குருவம்மாளின் கட்சி.

லீவோ ஜீப்போ, இனி அதனிடம்தான் கேட்க வேண்டும்.

நிறைமாத மகள் இந்துவுக்குக் காலையில் வலி கண்டது. குருவம்மாள் போனை எடுத்தாள்.

"அவசரம். ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பு வேணும்."

"ஆகட்டும் குருவம்மா. உன் அவசரம் வரும்போது கூப்பிடுதேன்." சுடலைமணியின் குரலேதான், அந்தச் செருமல் உட்பட.

"அவசரம் வந்துட்டுன்னுதான சொல்லுதேன்."

"முன்னால ஆளு இருக்கு தாயி. பொறு."

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, முறை. ஜிபி அந்தச் சொல்லைத் தன் பாஷைப் பொருளிலேயே அதன் காதில் ஓதியிருக்கிறான். இரண்டு பாஷையிலும் திட்டத் தெரிந்த குருவம்மாளுக்கு இது விளங்க நேரமாகவில்லை. ஜீப் டிரைவரோ, போன் சொல்லாமல் சாவியைத் தொடமாட்டேன் என்று பீடி பற்ற வைத்தான். மனிதனைப் பார்த்து யந்திரம் செய்தார்கள், இவன் யந்திரத்தைப் பார்த்து மனிதனாகிறான்.

ஆபீசில் ஜிபி லேப்டாப்பின் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தான். கேட்டதும் முகம் மலர்ந்தது.

"சேச்சி, இன்னொரு வட்டம் அதுகிட்ட பேசுங்க. தப்பை அதுவே படிச்சுக்கும்."

"அது படிச்சு முடிக்கதுக்குள்ள பிள்ள பள்ளிக்கூடம் போயிரும். உன் கார எடு."

"அது கம்பெனி காராக்கும்."

"உன் அவசரம் வந்துட்டு சாரே. எந்தி."

கொண்டை ஊசி வளைவுகளில் இந்து போட்ட கூச்சலுக்கு ஜிபியின் காது சிவந்தது. பாதி வழியில் பனிக்குடம் உடைந்து பின்சீட்டெல்லாம் நனைந்தது. அடிமாலி ஆஸ்பத்திரியில் இந்துவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிப் போனபிறகும் அவன் கார்க் கதவைத் திறந்துபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சேச்சி, நீங்க சண்டை போட்ட விதம் நல்ல டேட்டா. நாளைக்கு வந்து பேசித் தந்தா உங்க மாதிரியும் ஒண்ணு செய்யலாம்."

குருவம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னைய மாதிரி ஒண்ணு உள்ள வந்துக்கிட்டிருக்கு. நீ சீட்டத் தொடச்சிட்டு ஊரு போய்ச் சேரு."