பன்னீரின் போன் என் கடையில் இருந்த நாட்கள்

உக்குவளை ஸ்டேஷனுக்கு முன்னால் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவள் நான், மபாஸா. எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பன்னீர் மேல் வந்த கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.

பன்னீர் எல்கடுவ தோட்டத்துப் பிள்ளை. எதிரே ஸ்டேண்டில் த்ரீவீல் ஓட்டுகிறான். ஹயர் பிடிக்கிற, அதாவது சவாரிக்கு ஆள் காட்டுகிற ஆப் திடீரென்று, உன் போன் பழசு, புது ஆண்ட்ராய்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டதாம். ஆப் இல்லாவிட்டால் பாதி ஹயர் போச்சு. புதுப் போன் வாங்க வழியுமில்லை. முகம் சுண்டிப்போய் வந்து நின்றான்.

"கம்பெனி தராட்டி என்ன, புது ஆண்ட்ராய்ட நான் போட்டுத் தாறேன். மொதல்ல பூட்லோடரத் தெறக்கணும்," என்றேன்.

"அது என்னாக்கா?"

போனை ஆன் செய்ததும் முதலில் கண்விழிக்கிற காவல்காரன் அது. கம்பெனி முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடமாட்டான். போனைக் காசு கொடுத்து வாங்கியது நாம், காவல்காரன் மட்டும் கம்பெனி ஆள்! இதில் கம்பெனிக்குக் கம்பெனி குணம் வேறு. ஒருத்தன் திறந்துகொள் என்று விட்டுவிடுவான். ஒருத்தன் தலைகீழாக நின்றாலும் மசியமாட்டான். இன்னொருத்தன் முன்பு தாராளமாகக் கொடுத்துவிட்டு இப்போது கையை மூடிக்கொண்டான். பன்னீரின் போன்காரன் நடுத்தரம். அனுமதி கேட்டுவிட்டு, சிம் உள்ளேயே இருக்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். சிம்மைக் கழற்றினால் மறுபடி முதலிலிருந்து.

அதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். "ஒரு வாரத்துக்கு ஒண்ணயும் தொடாதீங்க தம்பி," என்று அனுப்பினேன்.

வாரம் முடிந்து வந்தான். கேபிளைக் கொழுவினேன். இன்னும் ஒரு வாரம் என்றது கம்ப்யூட்டர்.

"சிம்மக் கழட்டினீங்களா?"

"போனத் தொடக்கூடாதுன்னீங்களேன்னு சாமிப் படத்துக்குப் பக்கத்துல வச்சுப் பூட்டிட்டேங்கக்கா. சிம்ம மட்டும் எடுத்து சம்சாரத்தோட பட்டன் போன்ல போட்டேன். ஸ்கூல் புள்ளைங்களோட அம்மாமாரு அந்த நம்பருக்குத்தானே அடிப்பாங்க?"

யா அல்லாஹ்! "போனத் திருத்திரலாம் தம்பி, ஒங்களத் திருத்த ஏலாது!" என்று கத்தினேன். போனைப் பிடுங்கி, சிம்மைப் போட்டு, மறுபடி அனுமதி கேட்டு, என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். சிம்மோடு அது இங்கேயே கிடக்கட்டும் என்றேன்.

அன்றைக்குப் பின்னேரமே லாச்சி அடிக்கத் தொடங்கியது. எடுத்தால், பன்னீர் இருக்கிறாரா என்று சிங்களத்தில் ஒரு அம்மா. நானும் சிங்களத்திலேயே பதில் சொல்லிவிட்டு, வாசலில் நின்று ரோட்டுக்கு மேலால் சத்தம் போட்டேன். அவன் ஓட்டத்தில் இருந்தால், கையோடு கொண்டுபோகிற சம்சாரத்தின் பட்டன் போனுக்கு அடிப்பேன்.

எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. எல்கடுவவுக்குப் போகிறவன் ஏன் வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும்? பாலர் பாடசாலை டீச்சர் நிரஞ்சனியைக் காலையில் மலைமேல் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டால், இறங்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றிவரச் சொன்னேன். பல்லேபொலவுக்கு மிளகு மூட்டை கொண்டுபோகச் சொன்னவரை, அங்கிருந்து வருகிற ஹயர் கிடைக்கும்வரை பொறுக்கவைத்தேன். வண்டி வந்த பிறகு சாரி கட்டுகிறவர்களுக்கும் நல்ல ஏச்சுக் கொடுத்தேன். "போன் கடையா, த்ரீவீல் ஆபீஸா?" என்று என் கணவர் றம்ஸி சிரித்தார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாரம் முடிந்தது. திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், அவன் மகளின் படங்களை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பிறகு பூட்டைத் திறந்தேன். அல்ஹம்துலில்லாஹ், புது ஆண்ட்ராய்ட் பளிச்சென்று வந்தது. பன்னீர் கையெடுத்துக் கும்பிட்டான். ஆப்பைப் போட்டு அழுத்தினோம்.

பூட்டுத் திறந்த போன், பாதுகாப்பில்லை, இதில் ஓடமாட்டேன் என்றது ஆப். போன மாதம்வரை இப்படிப்பட்ட போனிலும் ஓடியதுதான். இப்போது சட்டத்தை மாற்றியிருக்கிறான்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை! என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அழுகையும் வந்தது.

பன்னீர்தான் பேசினான். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டேங்கிறான். போகட்டும்க்கா. ஆப் இருந்தப்பக்கூட எனக்கு இந்த வாரம் மாதிரி ஓட்டம் இருந்ததில்ல."

அந்த நேரம் போன் அடித்தது. நான் அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"நீங்களே எடுங்கக்கா. நீங்க எடுத்தாத்தான் சொன்ன நேரத்துக்கு வாசல்ல வந்து நிக்கிறாங்க."

சொல்லிக்கொண்டே ரோட்டைக் கடந்துபோய் த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைக் காதில் வைத்தேன்.

"சொல்லுங்க, எங்க போகணும்?"